டேட்டா கல்ச்சர்: சில வருடம் புழங்கிப் பார்த்த பிறகு

எங்கள் நிறுவனத்தில் டேட்டா கல்ச்சர், அதாவது எண்ணைப் பார்த்து முடிவெடுக்கும் பழக்கம், என்ற பேச்சு டாஷ்போர்டில்தான் (முக்கிய எண்களை ஒரே திரையில் காட்டும் பக்கம்) தொடங்கியது. அதற்கான மென்பொருளுக்கு லைசென்ஸ் வாங்கினார்கள், பயிற்சி கொடுத்தார்கள், டீமுக்கு ஒரு பக்கம் என்று வண்ண வண்ணமாகத் தயாரானது. ஆரம்பத்தில் எல்லோரும் ஆர்வமாகத் திறந்து பார்த்தோம். அப்புறம் கூட்டம் குறைந்தது. ஒரு கட்டத்தில் அந்தப் பக்கங்களை அதிகம் திறந்தவர்கள் அதைத் தயாரித்தவர்களாகத்தான் இருந்தார்கள். மீட்டிங்குக்கு ஆளாளுக்கு சொந்த எக்செலோடுதான் வந்தார்கள்.

டாஷ்போர்டு மோசம் என்று சொல்ல வரவில்லை. அதில் தெரிந்த எண்ணை யாரும் நம்பவில்லை, அவ்வளவுதான். நம்பாததற்குக் காரணமும் இருந்தது. 'செயலில் உள்ள வாடிக்கையாளர்கள் எத்தனை பேர்' என்று கேட்டால் மூன்று பதில் வரும். விற்பனை டீமுக்கு, ஒப்பந்தம் கையெழுத்தானவர் எல்லாரும் செயலில் உள்ளவர். கணக்குப் பிரிவுக்கு, சமீபத்தில் பணம் கட்டியவர். சப்போர்ட் டீமுக்கு, இந்த மாதம் லாகின் செய்தவர். மூன்றும் அவரவர் வேலைக்குச் சரியான எண்தான். மூன்றுக்கும் ஒரே பெயர் வைத்ததால் மீட்டிங்கின் முதல் பாதி எண் சண்டையிலேயே போய்விடும்.

இதற்கு நாங்கள் கண்ட மருந்து சாதாரணமானது: ஒரு வரையறைப் பட்டியல். அதில் ஒரு பதிவு இப்படி இருக்கும்: "செயலில் உள்ள வாடிக்கையாளர்: கடந்த 90 நாளில் குறைந்தது ஒரு பில் கட்டியவர். சோதனைக் கணக்குகள் சேராது. முழுப் பணமும் திருப்பித் தரப்பட்ட பில் கணக்கில் வராது. எடுக்கும் இடம்: பில்லிங் சிஸ்டம். பொறுப்பு:" என்று போட்டு ஓர் ஆளின் பெயர். டீமின் பெயர் கிடையாது, ஆளின் பெயர். டீமின் பெயர் போட்டிருந்த காலத்தில், கேள்வி கேட்டு அனுப்பும் மெயில் யார் மேஜையிலும் போய்ச் சேராது. லாகின் எண்ணை யாரும் தூக்கி எறியவில்லை. அதற்கு 'மாதப் பயனர்' என்று தனிப் பெயர் கொடுத்தோம், பாதிச் சண்டை அதோடு முடிந்தது.

நீண்ட காலப் பயன்பாட்டில் எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. எண்ணில் தப்பு வந்தால் முதலில் வரும் கேள்வி என்ன? முன்பெல்லாம் "யார் இதைப் போட்டது?" என்றுதான் வரும். அப்படிக் கேட்கிற இடத்தில் தப்பைக் கண்டுபிடித்தவன் வாயைத் திறக்க மாட்டான். அடுத்த மாத ரிப்போர்ட்டில் சத்தமில்லாமல் சரிசெய்து வைத்துவிடுவான்.

இது மாறிய இடம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வேலைக்குச் சேர்ந்து அதிக நாளாகாத ஒருவர் மீட்டிங்கில், "சார், போன மாத ஆர்டர் எண்ணிக்கை கூடுதலா போயிருக்கு" என்றார். ஆர்டர் பட்டியலையும் பணம் வந்த பட்டியலையும் இணைத்தபோது, இரண்டு தவணையாகப் பணம் வந்த ஆர்டர்கள் இரண்டு முறை எண்ணப்பட்டிருந்தன. அறை அமைதியாகிவிட்டது. தலைவர் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டு, "சரி, இந்த எண் இதுவரைக்கும் எங்கெல்லாம் போயிருக்கு? முதல்ல அந்த லிஸ்ட்டைக் குடுங்க" என்றார். திட்டும் இல்லை, பாராட்டும் இல்லை. அன்று மாலையே திருத்தம் எல்லோருக்கும் போனது, காரணத்தோடு. அடுத்து வந்த வாரங்களில் பழைய தப்புகள் வரிசையாக வெளியே வர ஆரம்பித்தன. பார்க்கிறவருக்கு டேட்டா திடீரென்று கெட்டுப்போனது போலத் தெரிந்திருக்கும். இந்தக் கட்டத்தில் மேலிடம் பொறுமை இழந்தால் எல்லாம் பழைய நிலைக்கே போய்விடும். எங்களிடம் அந்தப் பொறுமை இருந்தது, கொஞ்சம் அதிர்ஷ்டமும்தான்.

எக்செலைத் தடை செய்யச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அதன் ஆபத்து தெரியாமல் சொல்லவில்லை. 2020 இலையுதிர் காலத்தில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு கிட்டத்தட்ட 16,000 கோவிட் நோயாளிகளைத் தினசரிக் கணக்கில் சேர்க்காமல் விட்டது. பழைய எக்செல் கோப்பு வடிவத்தில் 65,536 வரிசைக்கு மேல் இடம் கிடையாது, மிச்சம் உதிர்ந்துவிட்டது. மார்ச்1, செப்ட்1 போன்ற மரபணுப் பெயர்களை எக்செல் தேதியாக மாற்றும் தொல்லை தாங்காமல், பெயரிடும் குழுவே அந்தப் பெயர்களை மாற்றிக்கொண்டதும் உண்டு. ஆனாலும் தடை போட்டால் மக்கள் ஒளித்து வைத்துப் பயன்படுத்துவார்கள். எங்கள் விதி இதுதான்: சொந்த ஷீட்டில் என்ன வேண்டுமானாலும் செய்யலாம், அதிலிருந்து ஓர் எண் முடிவெடுக்கும் மீட்டிங்குக்குப் போகுமானால், அந்த ஷீட்டைப் பதிவு செய்யவேண்டும், எண்ணை மூலத்திலிருந்து இழுக்கவேண்டும், காப்பி-பேஸ்ட் கூடாது. உண்மையைச் சொன்னால் விதி பாதிதான் நடக்கிறது. மாதக் கடைசியில் அவசரம் வந்தால் காப்பி-பேஸ்ட்தான்.

பெரிய ஏமாற்றம் இலக்கு விஷயத்தில். சப்போர்ட் டீமுக்கு 'புகாரைத் தீர்க்கச் சராசரி நேரம்' என்று ஓர் எண்ணை வைத்து, அதை ஊக்கத்தொகையோடும் கட்டினார்கள். எண் அழகாக இறங்கியது. டிக்கெட்டுகளை, அதாவது புகார்ப் பதிவுகளை, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால், பதில் அனுப்பியதுமே மூடிவிடுகிறார்கள். வாடிக்கையாளர் திரும்ப எழுதினால் புது டிக்கெட். பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட் 1975-லேயே பணக் கொள்கையை வைத்து இதைச் சொல்லிவிட்டார்: ஓர் அளவைக் கட்டுப்பாட்டுக்குப் பயன்படுத்தத் தொடங்கியதும் அது முன்பு காட்டிய உறவு குலைந்துவிடும். எல்லாரும் மேற்கோள் காட்டுகிறோம், ஆனாலும் அதே குழியில்தான் விழுகிறோம். பிறகு 'ஏழு நாளுக்குள் அதே பிரச்சினையோடு திரும்பி வந்தவர்கள்' என்ற எண்ணைப் பக்கத்திலேயே வைத்தோம், இரண்டையும் ஊக்கத்தொகையிலிருந்து எடுத்தோம். சராசரி நேரம் கூடியது. அந்தக் கூடிய எண்தான் நிஜம் என்று மேலே புரியவைக்கத்தான் பாடுபட வேண்டியிருந்தது.

பயிற்சி வகுப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை. தரவுத்தளத்திலிருந்து எண் எடுக்க உதவும் எஸ்கியூஎல் மொழியை எல்லோருக்கும் கற்றுக்கொடுத்தார்கள். தினமும் தேவைப்பட்டவர்களிடம் மட்டும் தங்கியது. வகுப்பைவிட, வாரத்தில் ஒரு மணி நேரம் டேட்டா டீமில் ஒருவர் சும்மா உட்கார்ந்திருப்பது, யார் வேண்டுமானாலும் தன் ஷீட்டோடு போய்க் கேட்கலாம் என்பது, அதிகம் உதவியது. அனுமதி விஷயத்தில் மொத்த எண்கள் எல்லோருக்கும் திறந்திருக்கின்றன, தனிநபர் விவரம் வேலைக்குத் தேவையானவர்களுக்கு மட்டும். இதில் பெரிய புகார் வரவில்லை.

டாஷ்போர்டு கருவி வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: தலைமையில் இருப்பவர் கெட்ட எண்ணைக் கேட்டு முகம் சுளிக்காதவராக இருந்தால், ஒரு சாதாரண ஷீட்டில் பத்து வரையறை எழுதித் தொடங்கலாம், கருவி பிறகு வாங்கலாம். அப்படி ஒருவர் இல்லையென்றால் லைசென்ஸ் பணம் வீண்.

இன்னும் தீராத பிரச்சினை ஒன்று உண்டு. பட்டியலில் ஆளின் பெயர் போட்டோமே, அந்த ஆள் வேலையை விட்டுப் போனால் வரையறை அநாதையாகிவிடுகிறது. சிஸ்டம் மாறும், பட்டியல் மாறாது, யாரும் கவனிக்க மாட்டார்கள். சமீபத்தில் லேப்டாப், அடையாள அட்டை எல்லாம் திருப்பித் தரும் படிவத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்: உங்கள் பெயரில் உள்ள எண்களை யாரிடம் ஒப்படைத்தீர்கள்? அது நிரம்பாமல் எச்ஆர் கையெழுத்துப் போடுவதில்லை. துறை மாறிப் போகிறவர்களுக்கு அப்படி ஒரு படிவமே இல்லை.