காதுக் கருவியும் என் ஒற்றைத் தலைவலியும்: இரண்டாண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

சென்ற வாரம், ஒற்றைத் தலைவலிக்காக நான் காதில் அணியும் மின்துடிப்புக் கருவியின் கம்பியை இரண்டாம் முறையாக மாற்ற நேர்ந்தது. அதை அறிந்த நண்பர், அவரும் நெடுநாளாக ஒற்றைத் தலைவலியால் அவதிப்படுபவர், "வாங்கலாமா?" என்று கேட்டார். உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை.

மூளையிலிருந்து இதயம், வயிறு வரை செல்லும் வேகஸ் நரம்பின் ஒரு கிளை காதுமடலில் ஓடுகிறது; அதை மெல்லிய மின்துடிப்பால் தூண்டும் கருவி இது. என் குறை முழுவதும், தோலைத் தொட்டு அந்தத் துடிப்பைக் கடத்தும் இரண்டு சிறு குமிழ்களைப் பற்றியது. காதுத் துளைக்குச் சற்று மேலே, சுண்டுவிரல் நுனி மட்டுமே பதியக்கூடிய ஒரு குழி உண்டு. பொய்கர், ஃபில்லர் என்ற இருவர் இறந்தோரின் காதுகளை ஆராய்ந்து 2002-ல் வெளியிட்ட முடிவின்படி, அந்தக் குழியின் உணர்வு முழுவதையும் வேகஸ் கிளையே சுமக்கிறது. காதுச் சோணைக்கு வருவது வேறு நரம்பு. ஆகவேதான் பல ஆய்வுகளில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தரும் போலிச் சிகிச்சைக்குச் சோணையைத் தேர்கிறார்கள். குமிழ் இருக்கும் இடம் அவ்வளவு முக்கியமென்றால், அது நழுவாமல் நிற்பதற்கு இந்தக் கருவியில் ஏன் ஒரு வழியும் இல்லை?

குழியை ஈரப் பஞ்சால் துடைத்துக் குமிழை அமர்த்தினால், முதலில் எறும்பு ஊர்வது போன்ற குறுகுறுப்புதான் இருக்கும். கால் மணி நேரத்தில் ஈரம் உலர்ந்துவிட, அளவைக் கூட்டாமலேயே அது ஊசியாகக் குத்தத் தொடங்கும். ஒரு கொட்டாவி விட்டால் போதும், குமிழ் விலகி எந்த உணர்வும் இல்லாமல் போய்விடும்.

2015-ல் ஜெர்மனியில் ஸ்ட்ராவுபே குழுவினர் வெளியிட்ட ஆய்வில், நாட்பட்ட ஒற்றைத் தலைவலியுள்ள 46 பேர் இத்தகைய கருவியை நாளுக்கு 4 மணி நேரம் வீதம் மூன்று மாதங்கள் அணிந்தனர். ஒரு குழுவுக்கு நொடிக்கு 25 துடிப்பு (25 ஹெர்ட்ஸ்) சிகிச்சையாகவும், மற்றக் குழுவுக்கு நொடிக்கு ஒரே துடிப்பு (1 ஹெர்ட்ஸ்) ஒப்பீட்டுக்கும் என்று வைத்திருக்க, பலன் கூடுதலாகக் கிடைத்தது 1 ஹெர்ட்ஸுக்கு: ஆய்வை முடித்தவர்களுக்கு 28 நாள்களில் தலைவலி நாள்கள் சராசரியாக 7 குறைந்தன, 25 ஹெர்ட்ஸ் குழுவுக்கு 3.3 மட்டுமே. மின்சாரமே இல்லாத ஒப்பீட்டுக் குழு இல்லாததால், இதில் நம்பிக்கையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. அதிகம் பதிவான பக்கவிளைவு, குமிழ் தொடும் இடத்துத் தொல்லைகள். அதைப் படித்தபோது எனக்கு ஆறுதலைவிடக் கோபமே மிகுந்தது.

அமெரிக்காவில் 2019-ல் 11 முதல் 18 வயதினரின் வயிற்றுவலிக்கு அனுமதி பெற்ற காதுக் கருவியில், மருத்துவப் பணியாளரே நுண்ணூசிகளைப் பொருத்தி அனுப்புகிறார். நோயாளி நாள்தோறும் இடம் தேட வேண்டியதில்லை.

ஆயினும் நியாயமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். என் நாட்குறிப்பில் மாதத்துக்குப் பதினான்காக இருந்த தலைவலி நாள்கள் இப்போது ஒன்பது. வலி மாத்திரைகள் பாதியாகியிருக்கின்றன. அந்த ஐந்து நாள்கள் என் வாழ்வில் எவ்வளவு பெரியவை என்பது தலைவலிக்காரருக்குத் தெரியும்.

இருந்தும் நண்பருக்கு, "வாங்க வேண்டாம், வாங்கியே தீர வேண்டுமென்றால், இதயத் துடிப்பில் கோளாறு உண்டா என்று மருத்துவரிடம் முதலில் பார்த்துவிடுங்கள்" என்றே எழுதினேன். நான் இன்னொரு கம்பியையும் வாங்கி வைத்திருக்கிறேன். இதை எழுதி முடிப்பதற்குள் குமிழை மூன்று முறை அழுத்தி அமர்த்தியாயிற்று.