கண்புரை அறுவைக்குப் பின் உடலுழைப்பு: பேக்கோவா, சிறுகீறலா?

வயலிலும் கட்டட வேலையிலும் உழைப்பவருக்குக் கண்புரை அறுவை என்றால், மண்வெட்டியை மீண்டும் எப்போது பிடிக்கலாம் என்பதே முதல் கேள்வி. மீயொலி அலையால் புரையை உடைத்து உறிஞ்சும் பேக்கோ முறையில் வெட்டு ஏறத்தாழ 3 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடுவதால் காயம் விரைவில் உறுதிப்படுகிறது. சிக்கல் இல்லாதவரை, ஓரிரு வாரங்களில் பாரம் தூக்க மருத்துவர்கள் பொதுவாக அனுமதிக்கின்றனர். மதுரையில் 1976-இல் தொடங்கப்பட்ட அரவிந்த் கண் மருத்துவமனை பெருமளவில் கையாண்டுவரும் சிறுகீறல் முறையிலோ, புரையின் கரு உடைபடாமல் வெளியே எடுக்கப்படுவதால் வெட்டு 6 முதல் 7 மில்லிமீட்டர் வரை நீள்கிறது. பெரும்பாலும் தையல் தேவைப்படாது என்றாலும், மூட்டை தூக்க ஒரு மாதம் காத்திருப்பதே நல்லது.

கூலியிழப்பை மட்டும் கணக்கிட்டால் பேக்கோவே மேல். ஆனால் அதற்குச் செலவு அதிகம். ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டு முற்றிக் கடினமான புரைக்கு (உழைப்பாளிகள் பலர் அந்த நிலையில்தான் மருத்துவமனைக்கே வருகிறார்கள்) சிறுகீறலே ஏற்றதாக அமையலாம். தூசியும் சேற்று நீரும் இரு முறைகளுக்கும் பொதுவான ஆபத்து. முதல் சில வாரங்கள் நெல் தூற்றுவதையும் சிமெண்டு கலப்பதையும் அடியோடு தவிர்க்க வேண்டும். வேலைக்குத் திரும்பிய பின் வலியோ பார்வை மங்கலோ தோன்றினால், அன்றைய கூலியைப் பாராமல் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.