ஒரு உடைந்த பல்லும் நாலு கணக்கும்

"முந்தியெல்லாம் இப்படி இல்ல மனே. இப்பதான் ஊருக்குள்ள வெட்டும் குத்தும்." மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்துக்கு இங்கால் ஒரு தேத்தண்ணிக் கடையில் இதைச் சொன்னவருக்கு எழுபது தாண்டியிருக்கும். அவருடைய 'முந்தி'க்குள்தான் போரும் படுகொலைகளுமான 1990 கிடக்கிறது. அதை அவருக்கு நினைவுபடுத்தி வாங்கிக் கட்டிக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை.

ஊரில் வன்முறை கூடியதா குறைந்ததா என்று பார்க்க நம்மிடம் நாலு கணக்கு இருக்கிறது: பொலிஸ் பதிவு, ஆஸ்பத்திரிப் பதிவு, பேஸ்புக், ஊர் வாய். நாலும் நாலு விதமாகச் சொல்லும். எதை எதற்கு நம்பலாம் என்று எங்கள் வீட்டுப் பல் ஒன்றை வைத்தே பார்ப்போம்.

கடற்கரையில் கிரிக்கெட். ரன் அவுட்டா இல்லையா என்ற சண்டையில் மட்டைப்பிடி பட்டு என் மருமகனின் முன்பல் பாதி போனது. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 311ஆம் பிரிவுப்படி பல் உடைந்தாலே அது கடுங்காயம். ஆனால் மருந்து கட்டப் போன இடத்தில் அவன் சொன்னது, "சைக்கிளால விழுந்தன்." அடித்தவன் அவனுக்கு மச்சான் முறை. இரண்டு வீட்டுப் பெரியவர்களும் ஒரு பின்னேரம் கதைத்து முடித்தார்கள். பல் கட்டும் செலவு அந்தப் பக்கம். பொலிஸில் ஒரு வரியும் இல்லை. அன்று இரவு பேஸ்புக்கில் மட்டும் "குழு மோதல், பலர் படுகாயம்" என்று ஓடியது, வேறு எங்கோ எடுத்த வாள் படத்தோடு.

பேஸ்புக் கணக்கை இதோடு விட்டுவிடலாம். ஒரே வெட்டை ஐந்து பக்கங்கள் பகிர்ந்தால் அது ஐந்து வெட்டு இல்லை.

பொலிஸ் பதிவின் பலம் கொலை. பிணத்தை 'விழுந்தது' என்று சொல்லித் தப்புவது கடினம். மரண விசாரணை, சட்ட வைத்திய அதிகாரி, நீதவான் என்று ஒரு வரிசை இருக்கிறது. ஆனால் சிற்றூருக்குக் கொலைக் கணக்கு பார்ப்பவர்கள் வழுக்கி விழுவதும் இங்கேதான். நாட்டில் அண்மைய ஆண்டுகளில் ஒரு லட்சம் பேருக்கு வருடத்தில் 2 அல்லது 3 கொலை என்ற அளவு. 30,000 பேர் உள்ள ஊருக்கு அதை இறக்கிப் பார்த்தால் வருடத்துக்கு ஒன்றுகூட முழுதாக வராது. ஒரு வருடம் 1, அடுத்த வருடம் 3 என்றால் 'கொலைகள் மூன்று மடங்கு' என்று தலைப்புப் போடலாம். ஒரே காணிச் சண்டையில் இரண்டு பேர் போனதாகவும் இருக்கலாம். ஐந்து, பத்து வருடங்களைச் சேர்த்துக் கூட்டாமல் அந்த எண்ணைத் தொடவே கூடாது.

அடிதடிக்கு வந்தால் பொலிஸ் பதிவு அளப்பது வன்முறையை விட, படி ஏறிய சனத்தைத்தான். போர்க் காலத்தில் பொலிஸுக்குப் போவதே பயம். போனாலும் சிங்களத்தில் எழுதியதற்குக் கீழே விளங்காமல் கையெழுத்து வைத்துவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். இப்போது ஒரு பெண் தானே போய்ப் புருஷன் அடித்ததைத் தமிழில் சொல்லி எழுதுவிக்கிறாள் என்றால் எண் கூடும். வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்ததே 2005இல்தான். அந்தக் கூடுதலைப் பார்த்து 'ஊர் கெட்டுப்போச்சு' என்பது அநியாயம். இன்னொன்று, சின்னக் காய வழக்குகள் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி சமரசம் பேசித் தீர்க்கும் மத்தியஸ்த சபைக்குப் போகும். நீதிமன்ற வழக்குகளை மட்டும் எண்ணுகிறவர் கண்ணில் அவை படாது.

காயத்துக்கு என் கை ஆஸ்பத்திரிப் பதிவின் பக்கம்தான் போகிறது. வெட்டுக்காயக்காரன் பொலிஸுக்குப் போகாமல் இருக்கலாம், தையல் போடாமல் இருக்க முடியாது. வேல்ஸின் கார்டிஃப் நகரில் ஜொனதன் ஷெப்பர்ட் என்ற முகச் சத்திரசிகிச்சை நிபுணர் கவனித்தது இதைத்தான்: தன்னிடம் வந்த அடிதடிக் காயங்களில் பெரும்பகுதி பொலிஸுக்கே தெரியாது. எந்த இடம், எந்த நேரம், எதனால் அடி என்று மட்டும் கேட்டு, பெயரில்லாமல் பொலிஸுக்கும் மாநகர சபைக்கும் கொடுத்தார்கள். வன்முறைக் காயத்தோடு வாட்டில் சேர்பவர்கள் குறைந்தார்கள்.

மருமகனின் சைக்கிள் இந்தப் பதிவின் ஓட்டை. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்கு மாவட்டம் முழுக்க, அம்பாறைப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருவார்கள். நோயாளியின் ஊரைப் பிரித்து எடுக்காவிட்டால் அந்த எண் நம் ஊரைப் பற்றி எதுவும் சொல்லாது. ஆனாலும் பொய் சொல்கிறவர்கள் எல்லா வருடமும் ஏறக்குறைய ஒரே அளவில் பொய் சொல்கிறார்கள் என்று வைத்தால், ஏற்ற இறக்கத்தைப் பார்க்க இது போதும்.

இனி ஊர் வாய். எண்ணிக்கைக்கு உதவாது, ஆனால் மற்றப் புத்தகங்கள் வெறுமையாய்க் கிடக்கும் இடத்தில் இதுதான் பேசும். 1990 ஜூன் 11இல் கிழக்கின் பொலிஸ் நிலையங்களைப் புலிகள் சுற்றி வளைத்தார்கள். சரணடைந்த பொலிஸாரை நூற்றுக்கணக்கில் கொன்றார்கள். அதற்குப் பிறகு யார் முறைப்பாடு எழுதுவது? ஓகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். செப்டம்பர் 5இல் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக அகதி முகாமில் இராணுவம் பிடித்துக்கொண்டு போன 158 பேர். நாலே நாள் கழித்துச் சத்துருக்கொண்டான் ஊர்ப் படுகொலை. அந்த 158 பேர் 'காணாமல் ஆக்கப்பட்டோர்'. கொலைப் பத்தியில் ஏறாதவர்கள். அந்த வருடத்தைத் தொடக்கமாக வைத்துக் கோடு கீறினால் எந்த ஊரும் அமைதிப் பூங்காவாகத் தெரியும். 2007க்குப் பிறகு, கிழக்கில் சண்டை ஓய்ந்த காலத்திலிருந்து கீறுவதுதான் நேர்மை. அதிலும் 2019 ஏப்ரல் 21ஐ, மட்டக்களப்புச் சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பைத் தனியே எடுத்து வைக்க வேண்டும்; ஒரே காலையில் முப்பது உயிர் அளவில் போன நாளைத் தெருச்சண்டையோடு கூட்ட முடியாது.

பெரியவரிடம் மறுநாள் கேட்டேன், "90இல எங்க படுத்தீங்க?"

"வீட்டுல ஆர் படுத்த? கோயில்லதான், பாய விரிச்சு." தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தார். "அது சண்டை மனே. நான் சொல்றது களவெடுக்கிறவனும் கசிப்புக் குடிக்கிறவனும்."

இதையும் ஒரு கணக்காக எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.