லேமிங்டன் ரோட்டில் கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போகிறவர்களுக்கு

மும்பையில் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த லேமிங்டன் ரோட்டில் முதல் முறையாக பார்ட்ஸ் வாங்கி கம்ப்யூட்டர் பூட்டப் போகிற நம் பிள்ளைகளும், அதற்குப் பணம் கொடுக்கிற பெரியவர்களும் கடைக்குப் போவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும். பழைய கார்டைப் புதியது என்று தலையில் கட்டி எங்களை ஏமாற்றிய கடையின் பெயரைப் போடவில்லை. போட்டால் அந்த ஒரு கடையை மட்டும் தவிர்த்துவிட்டு அடுத்த கடையில் நம்பி நிற்பீர்கள். இந்த வேலை ஒரு கடையோடு நிற்கிறதாக எனக்குத் தோன்றவில்லை.

என் அக்கா குடும்பம் தாராவி 90 அடி ரோட்டில் இருக்கிறது. அக்கா மகன் பத்தாவது நல்லபடியாக முடித்தால் கேமிங் கம்ப்யூட்டர் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தேன். அக்கா சீட்டு எடுத்த பணம் 30 ஆயிரம், என் பங்கு 22 ஆயிரம். பையன் மூன்று மாதம் வீடியோ பார்த்து நோட்டின் கடைசிப் பக்கத்தில் பட்டியல் எழுதி வைத்திருந்தான்: ரைசன் 5 5600 பிராசஸர், பி450 மதர்போர்டு, 8 ஜிபி ராம் இரண்டு, 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (ஃபைல்களைச் சேமிக்கும் டிஸ்க்), ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு (கேமின் படத்தை உருவாக்குவது), 80 பிளஸ் ப்ரோன்ஸ் (மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்ற வெண்கலத் தர) முத்திரை உள்ள 550 வாட் எஸ்எம்பிஎஸ் (எல்லா பாகத்துக்கும் மின்சாரம் கொடுக்கும் பெட்டி). இப்போது திரும்பப் பார்க்கிறேன், அந்தப் பட்டியலில் ஒரு தப்புகூட இல்லை.

ஒரு சனிக்கிழமை மாஹிமில் ஸ்லோ லோக்கல் ஏறி கிராண்ட் ரோட்டில் இறங்கி நடந்தோம். நாலைந்து கடை விசாரித்து, விலை குறைத்துச் சொன்ன ஒருவரிடம் உட்கார்ந்தோம். பட்டியலை வாங்கிப் பார்த்தவர், "6600 ஸ்டாக் இல்லை அண்ணா, ஆர்எக்ஸ் 580 எடுத்துக்கோங்க. அதுவும் 8 ஜிபி, இதுவும் 8 ஜிபி. எட்டாயிரம் மிச்சம்" என்றார் இந்தியில். பையன் என் சட்டையைப் பிடித்து, "மாமா, 580 ரொம்பப் பழசு, 2017-ல வந்தது" என்றான். நான் அவனைச் சும்மா இருக்கச் சொன்னேன். அவனிடம் இதற்கு மன்னிப்பும் கேட்டுவிட்டேன்.

கார்டில் எழுதியிருக்கும் ஜிபி என்பது நினைவகத்தின் அளவு மட்டும்தான். பாத்திரம் பெரிது என்பதால் அடுப்பு பெரிதாகிவிடாது. 6600 வந்தது 2021-ல். அது 132 வாட் இழுத்துக்கொண்டு செய்கிற வேலையை, 185 வாட் இழுக்கும் 580-ஆல் செய்ய முடியாது. "அதே 8 ஜிபிதான்" என்று ஒருவர் சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்துவிடலாம்.

அடுத்து, எஸ்எம்பிஎஸ். "கேபினட்டோட 450 வாட் ஃப்ரீயா வருது, தனியா எதுக்கு நாலாயிரம்?" என்றார். ராம் இரண்டு 8-க்குப் பதில் ஒரே 16 ஆனது. இரண்டாகப் போட்டால்தான் டூயல் சானலில், அதாவது இரண்டு வழியில் ஒரே நேரத்தில், ஓடும் என்பது பிறகு தெரிந்தது. கடைசியில், "மாடியில நம்ம ஆள் பூட்டி டெஸ்ட் பண்ணி வைப்பார், திங்கள்கிழமை வந்து எடுத்துக்கோங்க" என்றார். கிளம்பி வந்துவிட்டோம். நாங்கள் செய்த பெரிய தவறு அதுதான். எந்தக் கார்டு, எந்தப் பெட்டியிலிருந்து, யார் எடுத்துப் பூட்டினார்கள் என்று எங்கள் கண் பார்க்கவே இல்லை.

பக்கா பில் என்றால் ஜிஎஸ்டி 18 சதவீதம் ஏறும் என்று சொல்லி கணக்கில் வராத ஒரு கச்சா பில் கொடுத்தார். அதில் ஒரே வரி: "அசெம்பிள்டு கம்ப்யூட்டர், 1 செட், ரூ. 43,500." மாடல் இல்லை, சீரியல் நம்பர் இல்லை. 30 ஆயிரம் ரொக்கம், மீதி யுபிஐ. அந்த யுபிஐ பதிவு பின்னால் எங்களுக்குக் கை கொடுத்தது.

வீட்டில் முதல் இரண்டு நாள் எல்லாம் ஓடியது. பிறகு பெரிய கேம் போட்டால் இருபது நிமிடத்தில் தானாக அணைந்து மறுபடி ஆன் ஆகும். போன் செய்தால், "உங்க வீட்டு வயரிங் சரியில்லை, ஸ்டெபிலைசர் போடுங்க" என்றார். பதினோராம் நாள் இரவு கேபினட்டுக்குள் பொறி பறந்தது, பிளாஸ்டிக் கருகிய வாடை, வீட்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்சிபி சுவிட்ச் விழுந்தது. அக்கா வீடு ஒரே அறை. கம்ப்யூட்டர் மேசைக்கு நாலு அடி தள்ளி கேஸ் சிலிண்டர். பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அக்கா அன்று இரவு முழுக்கத் தூங்கவில்லை.

ஆண்டாப் ஹில்லில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் நண்பர் ஒருவரிடம் கொண்டுபோனோம். எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றிக் கையில் கொடுத்தார். வெறும் தகர டப்பா கனம். மேலே பெரிய எழுத்தில் 450 வாட். பக்கவாட்டு லேபிளில் பொடி எழுத்தில் 12 வோல்ட்டுக்கு நேராக 16 ஆம்பியர். பெருக்கினால் 192 வாட். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் தின்பது பெரும்பாலும் இந்த 12 வோல்ட்டில்தான். 5600 உச்சத்தில் 76 வாட் இழுக்கும், 580-க்கு 185. மொத்தம் 261. மேலே என்ன எண் அச்சடித்திருந்தாலும் 192-க்குள் 261 அடங்காது. கார்டுக்குத் தேவையான 8 பின் வயர்கூட அந்த எஸ்எம்பிஎஸ்ஸில் கிடையாது. பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் மோலெக்ஸ் வயர் இரண்டைச் சேர்த்து ஒரு அடாப்டர் போட்டு இழுத்திருந்தார்கள். உருகியது அந்த அடாப்டர்தான். போகும்போது போர்டையும் கொண்டுபோய்விட்டது.

கார்டு பிழைத்திருந்தது. நண்பர் அதைத் தன் மெஷினில் போட்டு கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்தார். ஷேடர்ஸ் (கார்டுக்குள் கணக்குப் போடும் சிறு அலகுகள்) என்ற கட்டத்தில் 2048. முழுமையான ஆர்எக்ஸ் 580-க்கு அது 2304 இருக்க வேண்டும். 2018-ல் சீனச் சந்தைக்காக 580 2048எஸ்பி என்று ஒன்று வந்தது. பெயர்தான் 580, உள்ளே அதைவிடச் சிறிய ஆர்எக்ஸ் 570 கார்டின் அளவு. அதைத்தான் 580 என்று விற்றிருக்கிறார்கள். அதற்கு 150 வாட் என்று வைத்தாலும் பிராசஸரோடு 226 வருகிறது, அப்போதும் அந்த எஸ்எம்பிஎஸ் தாங்காது.

அதோடு அது புதியதும் இல்லை. திருகுத் தலைகள் தேய்ந்திருந்தன, சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க்கைச் சுற்றி தெர்மல் பேடிலிருந்து எண்ணெய் கசிந்திருந்தது. மைனிங்கில், அதாவது கிரிப்டோ நாணயம் சம்பாதிக்க இரவு பகலாகக் கணக்குப் போடும் வேலையில், ஓடிய கார்டாக இருக்கும் என்றார் நண்பர். 2022 செப்டம்பர் 15-ல் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தின் முறை மாறியதும் கார்டு வைத்து அதை மைனிங் செய்வது முடிந்துபோனது. இரவு பகலாக ஓடிய கார்டுகள் துடைக்கப்பட்டு சந்தைக்கு வந்தன. பழைய கார்டு என்று சொல்லி, பழைய விலைக்கு விற்றால் வாங்குவதா வேண்டாமா என்று நாமே முடிவு செய்துகொள்ளலாம். இவர் புதியது என்றுதான் சொன்னார்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "ஐ7 கேமிங் பிசி வெறும் 18 ஆயிரம்" என்று விளம்பரம் வருகிறதே, அது எத்தனையாவது தலைமுறை என்று கேளுங்கள். ஐ7 2600 என்கிற இன்டெல் பிராசஸர் 2011-ல் வந்தது.

கடைக்குத் திரும்பப் போனோம். "டெஸ்டிங் வாரண்ட்டி ஏழு நாள்தான் அண்ணா" என்றார். அந்த ஏழு நாள் பில்லில் எங்கும் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தேன். கடையிலிருந்து பதில் இல்லை. அதன் பிறகுதான் சட்டத்தைப் படித்தேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பில் கொடுக்காமல் இருப்பதே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், பில்லில் காலம் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பதும் அப்படியே. நாங்கள் கடைக்குத் திரும்பப் போனது பதினான்காவது நாள்தான். நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் கிடையாது. இதையெல்லாம் எழுதி, யுபிஐ ரசீது, லேபிள் போட்டோ, ஜிபியு-இசட் போட்டோ வைத்து கடைக்கு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பினேன். நாலாம் நாள் போன் வந்தது. கார்டுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் சேர்த்து 13 ஆயிரம் கொடுத்தார். எரிந்த போர்டுக்குக் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார். ஒவ்வொரு தடவையும் லீவு போட்டு அலைய எனக்கு முடியவில்லை, வாங்கிக்கொண்டேன். அது நியாயம் என்று நான் நினைக்கவில்லை.

இரண்டாவது முறையும் அதே ரோட்டில்தான் வாங்கினோம், வேறு கடையில். ஒவ்வொரு பெட்டியையும் எங்கள் முன்னால் பிரித்தார்கள். பெட்டியில் இருந்த சீரியல் நம்பரும் பொருளில் இருந்ததும் ஒன்றுதானா என்று பையன் பார்த்தான், ஜிஎஸ்டி பில்லில் ஒவ்வொன்றாக ஏற்றச் சொன்னான். பூட்டி முடிக்கும்வரை இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். யாரும் முகம் சுளிக்கவில்லை, டீ கூட வந்தது. எஸ்எம்பிஎஸ் லேபிளில் 12 வோல்ட்டுக்கு 45 ஆம்பியர், அதாவது 540 வாட். பணம் இடித்தபோது கேபினட்டில் குறைத்தோம். விளக்கு இல்லை, கண்ணாடி இல்லை. பட்ஜெட் குறைவு என்றால் அங்கே குறையுங்கள், எஸ்எம்பிஎஸ்ஸில் கை வைக்காதீர்கள்.

அந்தப் பழைய கார்டைத் திருப்பிக் கொடுத்த அன்று, கடைக்காரர் எங்கள் கண் முன்னாலேயே அதைத் துணியால் துடைத்து, மறுபடி அதே காக்கி நிற அட்டைப் பெட்டியில் வைத்து அலமாரியில் அடுக்கினார். அது இப்போது யார் வீட்டுக்குப் போயிருக்குமோ. இரண்டு விசிறி, ஓரத்தில் சிவப்புக் கோடு, பின்தகட்டின் வலது மூலையில் நகம் அளவுக்கு ஒரு கீறல், ஜிபியு-இசட்டில் ஷேடர்ஸ் 2048. புதியது என்று யாராவது உங்களிடம் நீட்டினால் வாங்காதீர்கள்.