சுழல்மேடைக்குப் பணம் கொடுக்குமுன் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள்

கோலாலம்பூரில் நாடகம், நாட்டிய நாடகம் போடும் குழுக்கள் தயவுசெய்து படியுங்கள். பூச்சோங் பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஒருவரிடம் எங்கள் குழு 11,000 ரிங்கிட்டை இழந்தது. பெயரைப் போடவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் நாடகத்துக்கு 5 மீட்டர் விட்டத்தில் ஒரு சுழல்மேடை தேவைப்பட்டது. ஒரு பாதியில் தோட்டத்து லயத்து வீடு, மறுபாதியில் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீடு. பாட்டி நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருக்க, விளக்கை அணைக்காமல் மேடை சுற்றி நகரம் வர வேண்டும். கதையின் உயிரே அந்த ஒரு நிமிடம்தான். "அதெல்லாம் சுலபம்ண்ணே, மால்ல கார் சுத்துற மேடையே செஞ்சிருக்கேன்" என்று படங்களைக் காட்டினார். கார் ஒரே திசையில் மெதுவாகச் சுற்றினால் போதும். எங்கள் மேடை முன்னும் பின்னும் போய், குறித்த இடத்தில் நிற்க வேண்டும். இந்த வித்தியாசம் அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை.

பேசிய தொகை 14,000. முன்பணம் 7,000. அப்புறம் இரும்பு விலை ஏறிவிட்டது என்று 4,000. இரண்டும் கம்பெனிக் கணக்குக்குப் போகவில்லை, அவருடைய சொந்தக் கணக்குக்குப் போனது. மூன்று முறை பட்டறைக்குப் போனோம். மூன்று முறையும் பெயிண்ட் காயவில்லை என்றார்.

செந்தூல் அரங்கில் லோரியிலிருந்து இறக்கிய அன்றுதான் முழுதாகப் பார்த்தோம். பிளைவுட் 18 மில்லிமீட்டர் என்று பேச்சு, அளந்தால் 12. அதைவிடச் சக்கரங்களைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கியது. சுழல்மேடைக்குத் திசை மாறாத சக்கரம்தான் போட வேண்டும். ஒவ்வொன்றும் வட்டத்தின் போக்கில் உருளும்படி பொருத்த வேண்டும். அவர் போட்டிருந்தது எந்தப் பக்கமும் திரும்பும் சக்கரம். அதில் மேடையை ஒரு பக்கம் சுற்றிவிட்டு எதிர்ப்பக்கம் சுற்றினால், அத்தனை சக்கரமும் முதலில் புரண்டு திரும்பும், மேடை துள்ளும். மோட்டாருக்கு வேகத்தைப் படிப்படியாக ஏற்றும் இன்வெர்ட்டர் இல்லை. ஸ்விட்சைப் போட்டதும் ஒரே உதறல். அவசரத்துக்கு நிறுத்தும் சிவப்புப் பொத்தானும் இல்லை.

பாட்டியாக நடிக்கும் அம்மாவுக்கு 68 வயது. ஒத்திகையில் அந்த உதறலில் நாற்காலியோடு சாய்ந்துவிட்டார். பக்கத்தில் நின்ற தம்பி தாங்கிப் பிடித்தான். அரங்கின் தொழில்நுட்பப் பொறுப்பாளர் உடனே மின்சாரத்தை நிறுத்தினார். அவர் செய்தது சரி. நாடகம் போட்ட மூன்று முறையும் விளக்கை அணைத்து, இருட்டில் தட்டிகளைக் கையால் தள்ளி மாற்றினோம். அந்த அம்மா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

பட்டறைக்காரருக்குப் போன் செய்தால் "உங்க ஆளுங்க பாரம் அதிகமா ஏத்திட்டாங்க" என்றார்; பிறகு எங்கள் எண்களையே தடுத்துவிட்டார். அவர் காட்டிய படங்களில் இரண்டு, கிள்ளானில் உள்ள வேறொருவர் செய்த வேலை என்று பின்னால் தெரிந்தது. எஸ்எஸ்எம் (மலேசிய நிறுவனங்கள் ஆணையம்) பதிவில் பார்த்தால் அவர் தொழில் பேனர் அச்சடிப்பதும் கண்காட்சிக் கூடம் அமைப்பதும். இருபது ரிங்கிட் கூடச் செலவில்லாத அந்தத் தேடலை நாங்கள் முதலிலேயே செய்திருக்கலாம். போலீஸில் புகார் கொடுத்திருக்கிறோம்.

இப்போது வேறு பெயரில், நவராத்திரி நிகழ்ச்சிக்காக இரண்டு நடனக் குழுக்களிடம் விலை பேசியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். உங்களுக்கு வந்த விலைப்பட்டியலில் சக்கரத்தின் வகை, பிளைவுட் தடிமன், மோட்டார் விவரம் எதுவும் இல்லாமல் 'ரிவால்விங் ஸ்டேஜ் - 1' என்று ஒரே வரி இருக்கிறதா? பணம் போடுமுன் எனக்கு எழுதுங்கள். எங்களுக்குக் கொடுத்த பட்டியலை அனுப்புகிறேன், பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.