பெட்டியில் வரும் சொட்டு நீர்க் கிட்: எதை வைத்துக்கொள்ளலாம், எதை மாற்ற வேண்டும்

முப்பது செடிக்கு என்று அட்டைப்பெட்டியில் வரும் சொட்டு நீர்க் கிட்டில் பெரும்பாலும் இவைதான் இருக்கும்: 16 மி.மீ. கறுப்புக் குழாய் ஒரு சுருள், 4 மி.மீ. மைக்ரோ டியூப் ஒரு சுருள், மூடியைத் திருகித் திறக்கும் ட்ரிப்பர்கள் (செடிக்குச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடும் முனைகள்), குழாயைப் பிரிக்க டீ, திருப்ப எல்போ, நுனியை அடைக்க எண்ட் கேப், துளை போட ஒரு பஞ்ச், தண்ணீர்க் குழாயில் மாட்ட ஒரு அடாப்டர். விலை கூடின கிட்டில் பேட்டரி டைமரும் சேர்ந்து வரும். மாடித்தோட்டத்துக்கும், வீட்டை விட்டுத் தள்ளி இருக்கும் சிறு காய்கறி நிலத்துக்கும் வாங்கத் தகுந்த பொருள்தான். ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் 'மணிக்கு 4 லிட்டர்' என்ற கணக்கை நம்பி நேரம் வைத்தால் தக்காளி வாடிவிடும்.

அந்த 4 லிட்டர் 1 பார் அழுத்தத்துக்கான அளவு. 1 பார் அழுத்தம் வர, தண்ணீர் மட்டம் செடியை விட ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நீர்மட்டம் செடிப் பைகளை விட 2 மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைப்பது 0.2 பார் மட்டுமே. சாதாரண ட்ரிப்பரில் நீரோட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஒட்டிக் குறையும். ஆகவே 4 லிட்டர் ட்ரிப்பர் அங்கே மணிக்குச் சுமார் 1.8 லிட்டர்தான் தரும். தரையில் சிறு மேடை போட்டு டிரம் வைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உயரத்தைத் தொட்டியின் அடியிலிருந்து கணக்கிடக்கூடாது, நீர்மட்டத்திலிருந்து கணக்கிட வேண்டும். நிறைந்த டிரம்மில் 1.8 மீட்டராக இருந்த மட்டம் 0.9 மீட்டருக்கு இறங்கும்போது நீரோட்டம் சுமார் 30 சதவீதம் குறைந்துவிடும்.

அதனால் குழாய் பதித்த அன்றே அளந்துவிடுவது நல்லது. முதல் ட்ரிப்பர், நடு ட்ரிப்பர், கடைசி ட்ரிப்பர் மூன்றின் கீழும் தம்ளர் வைத்து 6 நிமிடம் ஓடவிடுங்கள். விழுந்த தண்ணீரை 10-ஆல் பெருக்கினால் ஒரு மணி நேர அளவு கிடைத்துவிடும். 180 மி.லி. விழுந்தால் மணிக்கு 1.8 லிட்டர். காய் பிடித்து நிற்கும் தக்காளிக்கு 20 லிட்டர் பையில், நல்ல வெயிலில், நாளுக்கு 2 முதல் 3 லிட்டர் வேண்டும். கீரைப் பைக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் போதும். இரண்டும் ஒரே குழாயில் இருந்தால் நேரத்தை மாற்றிச் சமாளிக்க முடியாது. தக்காளிக்கு இரண்டு ட்ரிப்பர், கீரைக்கு ஒன்று என்று எண்ணிக்கையில்தான் சரிசெய்ய வேண்டும்.

முதலுக்கும் கடைசிக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் காரணம் பெரும்பாலும் 4 மி.மீ. டியூப்தான். மலிவான சில கிட்டுகளில் 16 மி.மீ. குழாயே இருக்காது, மெல்லிய டியூபிலேயே வரிசையாக 20 ட்ரிப்பரைக் கோக்கச் சொல்வார்கள். பம்பு அழுத்தத்தில் அது ஓடும். தொட்டி அழுத்தத்தில் அந்த நீளம் முழுவதும் உராய்விலேயே அழுத்தம் கரைந்து, கடைசிப் பைக்குச் சொட்டுக்கூட வராது. அந்த வகைக் கிட்டை மாடித்தோட்டத்துக்கு வாங்கவே வேண்டாம். நடுவில் 16 மி.மீ. ஓட, ஒவ்வொரு பைக்கும் அரை மீட்டர், ஒரு மீட்டர் என்று மைக்ரோ டியூப் பிரிவதே சரியான அமைப்பு. பைகளும் கூடியவரை ஒரே மட்டத்தில் இருக்கட்டும். படிக்கட்டுபோல அடுக்கினால் கீழ்த்தட்டுச் செடி மிதக்கும், மேல்தட்டுச் செடி காயும்.

கிட்டில் முதலில் மாற்ற வேண்டியது ட்ரிப்பர். திருகும் மூடி பார்க்க வசதியாகத் தெரியும். குறைந்த அழுத்தத்தில் அதைக் கால் சுற்று திருப்பினாலே அளவு எங்கேயோ போய்விடும். கொஞ்சமாகத் திறந்து வைத்தால் அந்தச் சிறு இடுக்கில் தூசி அடைத்துக்கொள்ளும். நிலையான அளவு கொண்ட, பிரித்துக் கழுவக்கூடிய 4 அல்லது 8 லிட்டர் ட்ரிப்பர்களைத் தனியாக வாங்கிப் போடுங்கள். விலை கூட இருக்கிறதே, நல்லதாக இருக்கும் என்று 'அழுத்தச் சமன்' வகையை (அழுத்தம் மாறினாலும் ஒரே அளவு தண்ணீர் தருவது) வாங்கிவிடாதீர்கள். அதற்குள் இருக்கும் ரப்பர் சவ்வு சரியாக வேலை செய்யப் பெரும்பாலும் 0.5 பார் அளவுக்காவது வேண்டும். தொட்டித் தண்ணீரில் அது பயன்படாது.

அடுத்தது ஃபில்டர். பல கிட்டுகளில் அது இருப்பதே இல்லை, இருந்தாலும் அடாப்டருக்குள் ஒரு சல்லடைத் துண்டு மட்டுமே இருக்கும். 120 மெஷ் திரை ஃபில்டர் ஒன்றை, அம்புக்குறி நீர் ஓடும் திசையைப் பார்க்குமாறு, டைமருக்கு முன்னால் மாட்டுங்கள். இது 130 மைக்ரானுக்கு (0.13 மி.மீ.) மேற்பட்ட தூசியைப் பிடித்துவிடும். இது இல்லாமல் தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டால் பாசியும் மணலும் ட்ரிப்பரில்தான் போய் உட்காரும். மாதம் ஒருமுறை எண்ட் கேப்பைத் திறந்து தெளிந்த தண்ணீர் வரும்வரை ஓடவிடுங்கள். உப்புத் தண்ணீரால் வெள்ளையாகப் படிந்த ட்ரிப்பரை சிட்ரிக் அமிலக் கரைசலிலோ வினிகரிலோ ஓர் இரவு ஊறவைத்துக் கழுவினால் பெரும்பாலும் திறந்துகொள்ளும். மண்புழு உரக் கரைசல், மீன் அமிலம் போன்றவற்றை இந்தக் குழாய் வழியாக விடவே கூடாது. எவ்வளவு வடிகட்டினாலும் உள்ளே வழவழப்பு படிந்து அடைக்கும். அதைக் கையால் ஊற்றுவதே நல்லது.

டைமரில் பார்க்க வேண்டியது வால்வு வகை. சோலனாய்டு வால்வு (மின்காந்தத்தால் இயங்குவது) திறக்கக் குறைந்தபட்ச அழுத்தம் தேவை. தொட்டி அழுத்தத்தில் அது திறக்காமலோ முழுதாக மூடாமலோ நிற்கும். துளையுள்ள பந்து சுழன்று திறக்கும் பந்து வால்வு உள்ள டைமருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பெட்டியில் '0 பார்' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

பதிக்கும்போது குழாய்ச் சுருளை அரை மணி நேரம் வெயிலில் விரித்துப் போட்டால் வளைவு நிமிரும். டியூபின் நுனியைச் சுடுதண்ணீரில் சில விநாடி முக்கினால் இணைப்பு எளிதாக ஏறும். குழாயை இழுத்துக் கட்ட வேண்டாம். இரவில் குளிர்ந்து சுருங்கும்போது இணைப்பு கழன்றுவிடும். ட்ரிப்பர் மண்ணில் புதையாமல் விரலளவு மேலே நிற்கட்டும். புதைந்திருந்தால் தண்ணீர் நிற்கும் நேரத்தில் சேற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். தண்டை ஒட்டியும் வைக்கக்கூடாது, அடித்தண்டு அழுகும். தென்னை நார்க்கழிவு அதிகம் உள்ள கலவையில் தண்ணீர் பக்கவாட்டில் பரவாமல் நேரே கீழே இறங்கிவிடும் என்பதால், பெரிய பையில் தண்டிலிருந்து 10 செ.மீ. தள்ளி இருபுறமும் ஒவ்வொன்றாக வைத்து, ஒரே மூச்சில் அரை மணி நேரம் ஓடவிடாமல் காலையும் மாலையும் கால் மணி நேரமாகப் பிரித்துக் கொடுங்கள். நிலத்தில், களிமண்ணில் இந்தத் தொல்லை இல்லை, ஒரு ட்ரிப்பர் நன்றாகவே பரப்பும்.

இப்படித் திருத்தி அமைத்த கிட்டின் பலன் காயில் தெரியும். ஒருநாள் காய்ச்சல், ஒருநாள் வெள்ளம் என்று போகாமல் ஈரம் சீராக இருப்பதால், கால்சியம் காய்க்குப் போய்ச் சேர்கிறது. தக்காளியின் அடி கறுத்து அழுகுவதும் தோல் வெடிப்பதும் குறையும். இலை நனையாததால் பூஞ்சை நோயும் குறைவு.

விதை நேரடியாகத் தூவும் கேரட், முள்ளங்கி, கீரைக்கு மட்டும் முளைக்கும்வரை இது உதவாது. சொட்டு விழும் இடம் நனைந்து மற்ற இடம் காய்ந்து கிடக்கும். நாற்று இரண்டு மூன்று இலை விடும்வரை பூவாளிதான். ஊருக்குப் போவதற்காக வாங்குபவர்கள் ஒரு வாரம் முன்பே பொருத்தி, புது பேட்டரி போட்டு, தினமும் கடைசிப் பையில் விரலை விட்டு ஈரம் பாருங்கள். வெளியில் இருக்கும் நாட்களுக்குத் தொட்டித் தண்ணீர் போதுமா என்பதையும் ட்ரிப்பர் எண்ணிக்கையைக் கொண்டு கணக்கிட்டுவிடுங்கள்: 40 ட்ரிப்பர், ஒவ்வொன்றும் மணிக்கு 1.8 லிட்டர், நாளுக்கு அரை மணி நேரம் என்றால் ஒரு நாளைக்கு 36 லிட்டர்.