பி.டி.எஃப் குவியலுக்கு எது சரி: விட்ஜெட்டா, பழுதுபார்ப்பா, வலைப்பக்கமா?

அமெரிக்காவில் மாநில, உள்ளாட்சி அமைப்புகளின் இணையதளங்களும் செயலிகளும் மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும், அதற்கான சர்வதேச வலைத் தரநிலையான டபிள்யூ.சி.ஏ.ஜி 2.1-இன் ஏஏ நிலையை எட்ட வேண்டும் என்று அந்நாட்டு நீதி அமைச்சகம் 2024-இல் விதி கொண்டுவந்தது. அரசுப் பள்ளி மாவட்டங்களும் அதில் அடக்கம். அவற்றுக்குப் பெரிய தலைவலி, தளமெங்கும் கிடக்கும் பி.டி.எஃப்கள்.

மலிவான வழி விட்ஜெட். ஒரு வரி நிரலைச் சேர்த்தால் திரை மூலையில் பொத்தான் வந்துவிடும். எழுத்தைப் பெரிதாக்கும், நிறத்தை மாற்றும். ஆனால் பார்வையற்ற பெற்றோரிடம் திரையில் இருப்பதை உரக்கப் படித்துக்காட்டும் என்விடிஏ மாதிரி திரைவாசிப்பான் ஏற்கெனவே இருக்கும், பிரவுசரிலேயே பெரிதாக்கும் வசதியும் உண்டு. அப்புறம் இந்தப் பொத்தான் எதற்கு? எந்தத் தளத்தையும் தன் விட்ஜெட் டபிள்யூ.சி.ஏ.ஜி-க்கு இணங்க வைத்துவிடும் என்று விளம்பரம் செய்த அக்சசிபி நிறுவனம், அமெரிக்க வர்த்தக ஆணையத்தின் நடவடிக்கைக்குப் பிறகு 2025-இல் 10 லட்சம் டாலர் கட்ட வேண்டியதாயிற்று. இதற்கு ஒரு காசுகூடச் செலவழிக்கக் கூடாது என்பேன்.

பி.டி.எஃபையே பழுதுபார்ப்பது நேர்மையான வழி, ஆனால் வேலை அதிகம். ஸ்கேன் செய்த மதிய உணவுப் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். திரைவாசிப்பானுக்கு அது வெறும் படம். எழுத்துகளைப் பிரித்தெடுத்தாலும் போதாது. தலைப்பு எது, எந்த வரிசையில் படிப்பது என்று குறியிட வேண்டும். இல்லையென்றால் ஐந்து நாள் பெயரும் ஒரே மூச்சில் வரும், பிறகு உணவுகள் வரும், எது எந்த நாளுக்கு என்று தெரியாது. இவ்வளவும் செய்தபின், அடுத்த மாதம் யாரோ வேர்டில் தயாரித்து 'பிரின்ட்' வழியாக பி.டி.எஃப் எடுத்தால் குறியீடுகள் பெரும்பாலும் போய்விடும்.

அதே பட்டியலை வலைப்பக்கமாகப் போட்டால் போனில் தானே மடங்கிக்கொள்ளும். ஆங்கிலம் தெரியாத பெற்றோர் பிரவுசரிலேயே மொழிபெயர்த்துக்கொள்வார்கள். இதுவும் தானாகச் சரியாகிவிடாது. நாள் பெயர்களை அட்டவணைத் தலைப்பாகக் குறிக்க வேண்டும், படத்துக்கு விளக்கம் எழுத வேண்டும், சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5:1 நிற வேறுபாடு வேண்டும். ஆசிரியர்களுக்கு நல்ல டெம்ப்ளேட் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது.

என் ஓட்டு வலைப்பக்கத்துக்கே. கட்டாயம் பி.டி.எஃபாக இருக்க வேண்டிய ஆவணங்களை மட்டும் பழுதுபார்க்கலாம். காலாவதியானதை முதலில் நீக்கிவிடுங்கள். பழைய கோப்புகளுக்கு விதியில் விலக்கு உண்டுதான். ஆனால் சேர்க்கைப் படிவம் எத்தனை பழையதானாலும், பெற்றோர் இன்றும் அதை நிரப்புகிறார்கள் என்றால் அந்த விலக்கு பொருந்தாது. வேலையை அங்கிருந்து தொடங்கலாம்.